வட்டம் என்றால் சரி

பொட்டு இடம் மாறியிருந்தது. ஆரம்பம் அவ்வளவுதான். சித்திரை வெயில், தலைக்கு மேலே சுற்றுகிற ஃபேன் காற்றுக்குப் பதிலாகச் சத்தத்தை இறக்கிக்கொண்டிருக்கிறது, உள்ளங்கை இரண்டும் நசநசவென்று வேர்த்திருக்கிறது, கோகிலாவின் கட்டைவிரல் தினம் தேய்த்துத் தேய்த்துப் பசை விட்டுப்போன சிவப்பு ஸ்டிக்கர் பொட்டு வட்டப் பொத்தானை விட்டுக் கழன்று, விரலோடு போய், மேலே இருக்கிற முக்கோணப் பொத்தானில் ஒட்டிக்கொண்டது. அவள் அதைக் கவனிக்கவில்லை. யார்தான் கவனிப்பார்கள். சிவப்புப் பொட்டு என்றால் சரி, கறுப்புப் பொட்டு என்றால் வேண்டாம், இரண்டு வருஷமாக அவளுக்கும் கைக்குள் அடங்குகிற அந்த ஜப்பான் வீடியோ கேம் பெட்டிக்கும் நடுவே இருந்த பாஷை அதுதான். சிவப்பை அழுத்தினாள். எப்போதும் வருகிற ஆற்றங்கரை மறைந்து, இதுவரை பார்த்தேயிராத ஒரு சாம்பல் நிறப் பலகை திரையில் வந்து நின்றது. அதில் வரிசையாகக் குட்டிக் குட்டிப் படங்கள், ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் அந்தப் புரியாத எழுத்து. முன்பு ஒரு தடவை இப்படி எதையோ அழுத்தித்தான் கட்டி வைத்த ஊரே அழிந்துபோனது. பக்கத்துக் கட்டிலில் மாமா வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தார், ரசம் சோறு உள்ளே போனால் டீ நேரம் வரைக்கும் மாமனாருக்கு உலகம் கிடையாது. படங்களில் ஒன்று உலக உருண்டை. பள்ளிக்கூடத்து ஸ்டாஃப் ரூமில், அலமாரிக்கு மேலே, தூசி படிந்து கிடந்த அதே சாய்ந்த உருண்டை. தெரிந்த முகத்தைப் பார்த்த ஆறுதலில், பொட்டு இடம் மாறியிருப்பது அப்போதுதான் கண்ணில் பட, பழைய வட்டத்தையே அழுத்தி அதற்குள் போனாள். உள்ளே ஒரு வரிசை, ஒவ்வொரு வரியும் ஒவ்வொரு எழுத்தில், எல்லாம் பாஷைகளின் பெயர்கள், அவற்றின் நடுவில் சாதாரணமாக உட்கார்ந்திருந்தது இங்கிலீஷ். அதையும் அழுத்தினாள்.

திரை ஒரு நொடி கறுத்துத் திரும்பி வந்தது. அதே ஆறு, அதே மூங்கில், தொப்பி போட்ட அதே பொம்மைப் பெண், அவள்தான் கோகிலா. ஆனால் மேலே மூலையில் 'பகல்' என்று இங்கிலீஷில் எழுதியிருந்தது. கடைவாசல் பலகையில் 'விதைகள்' என்று இருந்தது. இத்தனை நாளும் அது ஏதோ கோயில் என்று நினைத்து அவள் அதன் முன்னால் நின்றுவிட்டுப் போய்க்கொண்டிருந்தாள். பத்தாம் வகுப்புக்கு இங்கிலீஷ் மீடியத்தில் கணக்கு எடுத்தவள், திரிகோணமிதியைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்லுவாள், விதைக் கடையைக் கும்பிடாத குறையாக நின்றிருக்கிறாள். சிரிப்பு வந்தது, பாதியில் நின்றது. மாற்ற முடியாது என்றுதானே புருஷன் பூபதி சொன்னான். இது அந்த ஊரில் வாங்கினது கோகிலா, அந்த ஊர் பாஷைதான் பேசும், உள்ளேயே அப்படித்தான் வெச்சுக் குடுத்திருக்கான், மாத்த முடியாது. பிளக்கைப் பார்த்தியா, அதுகூட நம்ம சுவத்துல போகாது. பிளக் போகாதது உண்மைதான், இரண்டு தட்டைக் கால், அதற்கும் சுவருக்கும் நடுவில் வைக்க ஒரு அடாப்டர் வாங்கினார்கள். பிளக் உண்மையாக இருந்ததால் பாஷையும் உண்மையாகிவிட்டது. ஒருவேளை பூபதிக்கும் தெரியாமல் இருந்திருக்கலாம். அவனும் மனுஷன்தானே, எல்லாம் தெரிந்திருக்க வேண்டுமா. இருக்கலாம். அப்படித்தான் இருக்கும். நாமே தற்செயலாகத்தானே கண்டுபிடித்தோம். ஒசாகாவில் மெஷின்களுக்கு உயிர் கொடுக்கிற இஞ்சினீயர், மூன்று அழுத்தில் இருக்கிற உலக உருண்டையைக் காணவில்லை. அந்த இடத்தில் நினைப்பு முள்ளில் சேலை மாட்டியது போல நின்றது, இழுத்தால் கிழியும் என்று கோகிலா அதை அப்படியே விட்டுவிட்டு, பொம்மைப் பெண்ணைக் குடைக்காரியிடம் நடத்திக்கொண்டு போனாள்.

குடைக்காரி ஆற்றங்கரையில் எப்போதும் நிற்கிற ஒரு கிழவி. தினம் டீ நேரத்துக்குப் பூபதி வீடியோவில் வருவான், அங்கே அப்போது ராத்திரிச் சாப்பாட்டு நேரம், ஸ்டேஷனில் இறங்கி ரூமுக்கு நடக்கிற கால்மணி நேரம் அவளுக்கு. போனைத் திருப்பித் திரைக்கு நேரே காட்டுவாள், அவன் அங்கிருந்து படித்துச் சொல்லுவான். குடைக்காரி என்ன சொல்றா? ரொம்ப மெலிஞ்சு போயிட்டியாம், நேரத்துக்குச் சாப்பிடறதில்லையான்னு கேக்கறா. இன்னைக்கு? உன்ற வீட்டுக்காரன் கெட்டிக்காரன்னு சொல்றா. போங்க, அப்படியெல்லாம் எழுதியிருக்காது. எழுதியிருக்குது கோகிலா, நானென்ன பொய்யா சொல்றேன். இரண்டு பேரும் சிரிப்பார்கள். மற்ற வீடுகளில் புருஷன் பெண்டாட்டி எதைப் பேசிச் சிரிப்பார்களோ, இந்த வீட்டில் குடைக்காரி. அந்தக் கால்மணி நேரத்தைத்தான் கோகிலா கல்யாணம் என்று வைத்துக்கொண்டிருந்தாள், மற்ற நேரமெல்லாம் மாமாவின் படுக்கை விரிப்பும் மாத்திரையும். இப்போது குடைக்காரி வாயைத் திறந்தாள். மத்தியானத்துக்கு மேல் மழை வரலாம் என்றாள். இன்னொரு முறை பேச வைத்தாள். மத்தியானத்துக்கு மேல் மழை வரலாம். பாவி, இரண்டு வருஷமாக இந்த ஒரு வாக்கியத்தைத்தான் சொல்லிக்கொண்டு நின்றிருக்கிறாள். இந்தப் பொய்யை மன்னிக்கலாமா? இது ஆசைப் பொய், இதில் ஒன்றும் குற்றமில்லை, மெலிஞ்சு போயிட்டே என்று அவன் நேராகச் சொல்லக் கூச்சப்பட்டுக் கிழவி வாயில் வைத்துச் சொன்னது. இதை வைத்துக்கொள்ளலாம். வைத்துக்கொள்ளலாம் என்று நினைக்கும்போதே, எதையெல்லாம் வைத்துக்கொள்வது, எதையெல்லாம் தூக்கிப் போடுவது என்று பிரித்தெடுக்கிற வேலை வந்துவிட்டதே என்று இருந்தது. கொத்தமல்லிக்கட்டில் அழுகினதைப் பிரிக்க ஆரம்பித்தால் கட்டு முழுக்கத்தான் பிரிக்க வேண்டும்.

பெட்டி வந்த கதையை அவள் யாரிடமும் சொன்னதில்லை. சொல்லும்படி அதில் என்ன இருக்கிறது. அப்போது எல்லாம் ஆகியிருந்தது. விசாவுக்கு எழுதிப் போட்டாயிற்று, பள்ளிக்கூடத்து வேலையை விட்டாயிற்று, பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் சுவர்க் கடிகாரம் ஒன்று கொடுத்து அழுதார்கள், மாமாவைக் கோபியில் இருக்கிற நாத்தனார் பரிமளா வைத்துக்கொள்வதாகத் தலையை ஆட்டியிருந்தாள். மாமா அப்போதுதான் விழுந்து எழுந்திருந்தார், வலப்பக்கம் வராது, பேச்சு தாறுமாறு. லீவில் வந்த பூபதி சூட்கேஸைத் திறந்து இதை எடுத்து அவள் மடியில் வைத்தான். கல்யாணமாகி அவன் அவள் மடியில் வைத்த முதல் விளையாட்டுச் சாமான். அவளுக்கு முகமெல்லாம் பல். 'ஒரு மாசம் இதைப் பழகிப் பாரு கோகிலா. இதுல முடிஞ்சா அங்க வந்து இருந்தர்லாம்' என்றான். அன்பாகத்தான் சொன்னான். அங்கே எல்லாமே இப்படித்தான் என்றான், கடை, பஸ், மாத்திரைப் பட்டை, வாஷிங் மெஷின், எதிலும் ஒரு இங்கிலீஷ் எழுத்து கிடையாது, நான் காலையில போனா ராத்திரிதான் வருவேன், நீ நாலு சுவத்துக்குள்ள என்ன பண்ணுவே, பைத்தியம் புடிச்சிரும். சோதிக்கிறான் என்று அவளுக்குத் தோன்றவேயில்லை. அத்தனை வருஷம் பிள்ளைகளுக்குத் தேர்வு வைத்தவள், தனக்கு வைத்த தேர்வை அடையாளம் தெரியாமல் பரிசு என்று வாங்கி வைத்துக்கொண்டாள்.

தேர்வில் தோற்றதும் அவள் கையால்தான். கை என்றால் கைதான், புத்தி இல்லை. சிவப்பு மையில் சரியென்றால் டிக் போடுவாள், தப்பென்றால் அந்த இடத்தைச் சுற்றி ஒரு வட்டம் போடுவாள். எத்தனை ஆயிரம் விடைத்தாள், எத்தனை ஆயிரம் வட்டம். அந்த ஊரில் வாத்தியார் வட்டம் போட்டால் சரி என்று அர்த்தமாம், பெட்டியிலும் வட்டப் பொத்தான் என்றால் சரி, பெருக்கல் குறி என்றால் வேண்டாம். பூபதி இதை முதல் நாளே சொன்னான், சொல்லவில்லை என்று சொல்ல முடியாது. மண்டை கேட்டுக்கொண்டது, கட்டைவிரல் கேட்கவில்லை. ஒரு வாரம் உட்கார்ந்து, எழுத்து தெரியாமல், படத்தைப் பார்த்துப் பார்த்து, ஆற்றங்கரையில் ஒரு குட்டி ஊரைக் கட்டினாள், வேலி போட்டாள், ஒரு வாழைத் தோட்டம் மாதிரி ஏதோ ஒன்று. அன்றைக்கு ஹாலில் சோபாவில் பூபதி பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தான், தோளோடு தோள். பெட்டி எதையோ கேட்டது. என்னமோ தப்பாகக் கேட்கிறது என்று அவளுக்குப் பட்டது, வேண்டாம் என்று சொல்ல நினைத்தாள், தப்பென்றால் வட்டம், விரல் போய் வட்டத்தை அழுத்தியது. ஊர் போய்விட்டது. வெறும் ஆறு மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. 'அழிச்சிரட்டுமான்னு கேட்டுது, நீ சரின்னுட்டே' என்றான் பூபதி. ஒரு பொம்மை ஊருக்கு அப்படி அழுவாள் என்று அவளே நினைக்கவில்லை. அழுதுகொண்டே சொன்னாள், வேண்டாங்க, எனக்கு இது ஆகாது, நான் இங்கயே மாமாவைப் பாத்துட்டு இருந்துக்கறேன். அவன் தலையைத் தடவிக் கொடுத்தான். மறுநாள் பரிமளாவிடம் போனில், அவளே வேண்டாம்னுட்டா, நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன் என்றான். பரிமளா வந்து கையைப் பிடித்துக்கொண்டு, தங்கமான மருமக என்று சொல்லிவிட்டுப் போனாள். தெருவே சொன்னது. தங்கத்தைப் பெட்டியில் வைத்துப் பூட்டுவார்கள் என்று அப்போது அவளுக்கு உறைக்கவில்லை. அதற்கப்புறம்தான் குங்குமச் சிமிழுக்குப் பக்கத்தில் இருந்த அட்டையிலிருந்து இரண்டு பொட்டை எடுத்து ஒட்டினாள். சிவப்பு சரி, கறுப்பு வேண்டாம். எல்லாம் முடிந்த பிறகு.

தோளோடு தோள். அங்கேயே சுற்றுகிறது. அவன் பார்த்துக்கொண்டிருந்தானா? போனில் ஏதோ பார்த்துக்கொண்டிருந்ததாகத்தான் இவ்வளவு நாளும் ஞாபகம். ஆனால் ஊர் அழிந்த அடுத்த நொடியே பெட்டி என்ன கேட்டது என்று சொல்லிவிட்டானே, பார்க்காதவனுக்கு எப்படித் தெரியும். படித்திருக்கிறான். அவள் விரல் வட்டத்துக்குப் போவதையும் பார்த்திருக்கிறான். ஏய், இரு என்று ஒரு வார்த்தை. கை தட்டிவிடக்கூட நேரமிருந்தது, அவள் யோசித்துத்தான் அழுத்தினாள். சரி, அதையும் விடு, அவனும் அசந்திருக்கலாம், புருஷன் என்றால் எந்நேரமும் விரலையா பார்த்துக்கொண்டிருப்பான். பக்கத்துத் தெரு விசைத்தறிகள் ஒரே தாளத்தில் தட்டிக்கொண்டிருந்தன, அந்தத் தாளத்துக்கு நினைப்பும் போய்ப் போய் வந்தது. தெரியாமல் இருந்திருக்கலாம், தெரியாமல் இருந்திருக்கலாம். ஆனால் அன்றைக்கு இங்கிலீஷில் பார்த்தோமே. எந்த அன்றைக்கு? பெட்டி வருவதற்கு முன்னால். ஒரு நாள் வீடியோவில் இதைக் காட்டினான், உனக்கு ஒண்ணு கொண்டுட்டு வர்றேன் பாரு என்று. திரையில் குட் மார்னிங் என்று வந்தது, அவள் வாய்விட்டுப் படித்துக்கூடக் காட்டினாள். பிறகு பெட்டி கைக்கு வந்ததும் கேட்டாள், ஏங்க, அன்னைக்கு இங்கிலீஷ்ல இருந்துச்சே. அது கடையில வெளிநாட்டுக்காரங்களுக்கு வெச்சிருக்கற பெட்டி, கடையில நின்னுட்டுத்தான் காட்டினேன் என்றான். ஓ என்றாள். கடைதான். வெள்ளை விளக்கு, வெள்ளை மேசை, மேசை மேல் பெட்டி, பெட்டிக்குப் பின்னால். பெட்டிக்குப் பின்னால் என்ன இருந்தது? எதுவோ பளபளவென்று இருந்தது. கண்ணை மூடிக்கொண்டாள். வேண்டாம் என்று ஒரு பக்கம் இழுத்தது, பார்த்துத்தான் தீர வேண்டும் என்று ஒரு பக்கம் இழுத்தது. டம்ளர். விளிம்பில் ஒரு நசுங்கல். முதல் தடவை அவன் அந்த ஊருக்குப் போகும்போது, காகிதக் கப்பில் டீ குடித்தால் குடித்த மாதிரியே இருக்காது என்று, துணிகளுக்கு நடுவில் அவள் சுற்றி வைத்து அனுப்பின எவர்சில்வர் டம்ளர். பரிமளாவின் மகன் காதுகுத்துக்குக் கொடுத்தது. ஜப்பான்காரன் கடையில் அது எதற்கு நிற்கிறது.

ஆக, அவன் ரூம். அவன் மேசை. அவன் கையில் இங்கிலீஷ் பேசிக்கொண்டிருந்த பெட்டி, அதைத் தூக்கி உலக உருண்டைக்குள் போய், வரிசையில் இறங்கி, அந்த ஊர் பாஷையாக மாற்றி, அட்டைப் பெட்டியில் திரும்ப வைத்து, ஒட்டி, மலேசியா வழியாகவோ எது வழியாகவோ ஆகாயத்தில் பறந்து கொண்டுவந்து மடியில் வைத்து, ஒரு மாசம் பழகிப் பாரு. வேறொருத்தி இருக்கிறாளா? அப்படி இருந்தால்கூட நன்றாக இருக்கும் என்று நினைத்தாள், நினைத்துவிட்டுத் தன்னையே திட்டிக்கொண்டாள். ஆனால் நிஜமாகவே அதற்கென்றால் ஒரு பேர் உண்டு, ஊர் உண்டு, போய் மண்ணை வாரித் தூற்றலாம், நான்கு பேர் நியாயம் சொல்லுவார்கள். அங்கே ஒருத்தியும் இல்லை. அது அவளுக்கு நன்றாகத் தெரியும். அவனுக்கு ஒற்றை அறை பிடித்திருக்கிறது, ஒற்றை டம்ளர் பிடித்திருக்கிறது. இங்கே அப்பாவைத் திருப்பிப் போட ஒரு ஆள் வேண்டும், அந்த ஆளுக்குக் கால்மணி நேரம் சிரிப்புக் காட்டினால் போதும். வராதே என்று சொல்லியிருக்கலாம். வராதே, எனக்குத் தனியாக இருக்கத்தான் பிடித்திருக்கிறது என்று முகத்தைப் பார்த்துச் சொல்லியிருந்தால் அவள் சண்டை போட்டிருப்பாள், கத்தியிருப்பாள், கடைசியில் இருந்துமிருப்பாள். இருந்திருப்பாள், அதுதான் வெட்கக்கேடு. அவள் வாயாலேயே சொல்ல வைத்தானே. நான் இங்கயே இருந்துக்கறேன் என்று அழுது சொல்ல வைத்து, கண்ணீரையும் துடைத்துவிட்டானே. அதைத்தான் தாங்க முடியவில்லை.

கட்டிலில் மாமா புரண்டார். 'வெள்ளோடு' என்றார் கண்ணைத் திறக்காமல். கோகிலா பெட்டியை நாற்காலியில் வைத்துவிட்டு எழுந்து, ஸ்பூனால் தண்ணீர் கொடுத்தாள். மாமா சென்னியப்பன் என்றால் ஒரு காலத்தில் ஈரோடு காங்கேயம் ரூட்டில் தெரியாதவர் இல்லை, கண்டக்டர் வேலையை ரிடையர் ஆகிற நாள் வரை விசிலோடு பார்த்தவர். விழுந்ததிலிருந்து மற்ற வார்த்தையெல்லாம் போய், ஸ்டாப்பிங் பெயர்கள் மட்டும் நாக்கில் நின்றுவிட்டன. டாக்டர் அது அப்படித்தான் இருக்கும், அதில் அர்த்தம் தேடாதீர்கள் என்றார். கோகிலா தேடினாள். தண்ணீர் வேண்டுமென்றால் வெள்ளோடு. வலித்தால் சென்னிமலை. சாப்பாடு என்றால் காங்கேயம், இழுத்துக் கேட்டால் நீ சாப்பிட்டாயா என்று அர்த்தம், தினம் அவளைக் கேட்பார். சரி என்றால் ரைட். அகராதி இல்லாமல், வாத்தியார் இல்லாமல், இந்த பாஷையை அவள் படித்து முடித்திருக்கிறாள். பெற்ற மகளுக்குத் தெரியாது, பெற்ற மகனுக்கும் தெரியாது. பூபதி போனில் வந்தால் அப்பா என்ன சொல்றாரு, அப்பா என்ன சொல்றாரு என்று அவளைத்தான் கேட்பான், இவள்தான் எடுத்துச் சொல்லுவாள், ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல். உனக்கு அந்த பாஷை வராது என்று சொன்னது இவளிடம். இவளிடம் போய். சட்டென்று இன்னொன்று ஞாபகம் வந்தது. அன்றைக்கு ஹாலில் அவள் அழுதுகொண்டு வேண்டாங்க என்று சொன்னபோது மாமா இந்தக் கட்டிலிலிருந்து 'ரைட், ரைட்' என்றார். அப்போது அவர் பாஷை அவளுக்கு வராது, என்னமோ உளறுகிறார் என்று இருந்துவிட்டாள். ரைட் என்றால் சரி. எதற்குச் சரி? நீ இங்கேயே இரு, சரி என்றாரா? இல்லை, கண்டக்டர் சொல்கிற ரைட்டா, வண்டியை எடு, கிளம்பு என்கிற ரைட்டா? மகன் பெட்டியைக் கொண்டுவந்த வேலை அவருக்கும் தெரியுமோ? ஸ்பூனை வாயருகே பிடித்தபடி அவர் முகத்தைப் பார்த்தாள். நெற்றியில் காலையில் அவள் பூசிவிட்ட திருநீறு வேர்வையில் கரைந்திருந்தது. கேட்டால் ஏதாவது ஒரு ஊர்ப் பெயரைச் சொல்லுவார். அவள் கேட்கவில்லை, துண்டால் நெற்றியைத் துடைத்துவிட்டாள்.

இன்னும் போன் வரவில்லை. பெட்டியைக் கையில் எடுத்துப் பொம்மைப் பெண்ணைப் படகுத் துறைக்கு நடத்தினாள். துறையில் வைக்கோல் தொப்பி போட்ட படகோட்டி ஒருத்தன் படகில் உட்கார்ந்திருப்பான். ஆற்றுக்கு அந்தப் பக்கம் புகைமூட்டமாக ஒரு கரை தெரியும், கூரைகள், ஒரு மலை. அங்கே என்னதான் இருக்கிறது என்று பார்த்துவிட வேண்டும் என்பது அவளுக்கு முதல் நாளிலிருந்து ஆசை. தினம் கடைசியாகப் படகோட்டியிடம் போய்ப் போனைக் காட்டுவாள். இன்னைக்குப் படகு இல்லைங்கறான், தண்ணி சாஸ்தியா வருதாம். இன்னைக்கும் இல்லையாம், படகு ஓட்டையாம். நாளைக்குப் பாக்கலாம் கோகிலா, ரூம் வந்துருச்சு, வெச்சரட்டுமா. அவளும் கறுப்புப் பொட்டை அழுத்தி வெளியே வந்துவிடுவாள். இப்போது படகோட்டியின் முன்னால் போய் நின்றாள். இவனாவது நிஜமாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டாள். படகு ஓட்டை என்று ஒரு வரி எழுதியிருந்தால் போதும், தண்ணீர் அதிகம் என்று இருந்தால் போதும், அதை வைத்துக்கொண்டு மற்றதுக்கெல்லாம் ஏதாவது சமாதானம் கண்டுபிடித்துக்கொள்ளலாம். படகோட்டி தொப்பியைத் தூக்கினான். படகு தயார், அக்கரைக்குப் போகலாமா என்று கேட்டான், கொட்டை கொட்டையான இங்கிலீஷ் எழுத்தில். கீழே சரி, வேண்டாம் என்று இரண்டு. அவ்வளவுதான் அவனுக்குத் தெரிந்தது. ஒவ்வொரு நாளும் அதைத்தான் கேட்டிருக்கிறான். இதற்கு எதற்குப் பொய்? அக்கரை போனால் இன்னும் அரைமணி நேரம் ஆகும், அதற்குத்தான். ரூம் வந்துவிடும், பசிக்கும். பெரிய பொய்க்கும் சின்னப் பொய்க்கும் ஒரே காரணம்தான், அவனுக்கு அவள் கொஞ்சம் கம்மியாக இருந்தால் போதும். படகோட்டி பதிலுக்குக் காத்துக்கொண்டிருந்தான். அவள் அழுத்தவில்லை, போன் அடித்தது.

தண்ணீர்ச் செம்பில் சாய்த்து வைத்த போனில் பூபதியின் தாடையும் கழுத்தும் ஆடி ஆடி வந்தன. ஸ்டேஷனுக்குள் நடந்துகொண்டிருந்தான். தலைக்கு மேலே பச்சைப் பலகை ஒன்று கடந்து போனது, அதில் எக்ஸிட் என்று இங்கிலீஷில் எழுதி ஒரு அம்புக்குறி. கோகிலா பார்த்துக்கொண்டிருந்தாள். இன்னொன்று போனது, அதிலும் இருந்தது. தினம் இதே பலகைகளுக்குக் கீழேதான் நடந்து வந்திருக்கிறான். பார்த்திருக்கிறாள், படித்ததில்லை. ஒரு இங்கிலீஷ் எழுத்து கிடையாது என்று அவன் சொன்ன பிறகு கண்ணுக்கு என்ன வேலை. சாப்ட்டியா, அப்பா எந்திரிச்சாச்சா, அங்க வெயில் எப்படி என்று அவன் கேட்டுக்கொண்டே வந்தான், இவள் ம் போட்டாள். குரல் இன்னமும் நன்றாகத்தான் இருந்தது. அதுவும் வலித்தது.

'காட்டு, உன்ற படகோட்டி இன்னைக்கு என்ன சொல்றான்?'

கோகிலா போனைத் திருப்பித் திரைக்கு நேரே பிடித்தாள். கை ஆடாமல் பிடித்தாள். எழுத்து நன்றாகத் தெரிகிற மாதிரி, பக்கத்தில் கொண்டுபோய்.

அவன் ரோட்டைக் கடந்துகொண்டிருந்தான் போல, வண்டிச் சத்தம் கேட்டது. 'இன்னைக்கும் படகு இல்லைங்கறான் கோகிலா' என்றான். 'காத்து அடிக்குதாம். நாளைக்குப் பாக்கலாம்.'

பார்க்கவேயில்லை. திரையைக் கண்ணெடுத்துப் பார்க்காமலே சொன்னான். படித்துவிட்டுச் சொன்ன பொய்கூட இல்லை அது, வாய்க்குப் பழகிப்போன பொய். இவ்வளவு நாள் அவன் படித்ததே இல்லையோ என்று தோன்றியபோது அவளுக்குக் கோபம்கூட வரவில்லை. போனை அசைக்காமல் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தாள். அவன் வேறு ஏதோ சொல்ல ஆரம்பித்தான், பாதியில் நிறுத்தினான். வண்டிச் சத்தம் நின்றிருந்தது, ஒருவேளை அவனே நின்றுவிட்டிருக்கலாம்.

'கோகிலா. அது இங்கிலீஷ்ல இருக்குது.'

'ஆமாங்க' என்றாள்.

அவள் முக்கோணத்திலிருந்து சிவப்புப் பொட்டை நகத்தால் கிள்ளி எடுத்தாள். வட்டத்தில் ஒட்டவில்லை, தேவையில்லை. வட்டத்தை அழுத்தினாள். படகோட்டி துடுப்பைத் தூக்கினான், பொம்மைப் பெண் ஏறி உட்கார்ந்தாள், துறை மெல்லப் பின்னால் போனது. பூபதி என்ன சொல்வதென்று தேடுகிறான். எதையாவது சொல்லுவான், சொல்லத் தெரிந்தவன்தான், இன்னும் கொஞ்ச நேரம் விட்டால் அதையும் அவள் நம்பிவிடுவாள். அந்தப் பயம்தான் அவளுக்கு மற்ற எல்லாவற்றையும்விடப் பெரிதாக இருந்தது.

மாமா கண்ணைத் திறந்தார். போன் வெளிச்சம் தெரிந்ததும் முகம் மலர்ந்தது, நல்ல கையை நீட்டினார். கோகிலா போனை அவர் பக்கம் திருப்பினாள்.

'காங்கேயம்?' என்றார் மாமா, மகனைப் பார்த்து, இழுத்து. 'காங்கே...யம்?'

பூபதி அதைப் பிடித்துக்கொண்டான். அப்பா எழுந்தது அவனுக்கு எவ்வளவு நிம்மதி என்று குரலிலேயே தெரிந்தது. 'அப்பா என்னமோ கேக்கறாரு பாரு. கோகிலா, அப்பா என்ன சொல்றாரு?'

வாய் வரைக்கும் வந்தது. சாப்ட்டியான்னு கேக்கறாருங்க. இரண்டு வருஷப் பழக்கம். அதை உள்ளேயே நிறுத்திவிட்டு, அவன் அன்றைக்குச் சொன்ன அதே குரலில், அதே அன்போடு சொன்னாள்.

'ஒரு மாசம் பழகிப் பாருங்க. அதுல முடிஞ்சா இங்க வந்து இருந்தர்லாம்.'

போனை மாமாவின் தலையணையில் சாய்த்து வைத்துவிட்டு எழுந்தாள். நாற்காலியில் கிடந்த பெட்டியில் படகு நடு ஆற்றுக்கு வந்திருந்தது, அக்கரை இன்னும் தெளிவாகவில்லை. சமையலறைக்குப் போய் டீக்குப் பாலை வைத்து அடுப்பைப் பற்ற வைத்தாள். உள்ளே மாமா விடாமல் காங்கேயம், காங்கேயம் என்று கேட்டுக்கொண்டிருந்தார். என்னங்கப்பா, காங்கேயத்துல என்னங்கப்பா என்று பூபதி திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தான். எடுத்துச் சொல்ல அவள் போகவில்லை.